கைக்கு இதமான கீபோர்டு: சுவிட்சுக்கு முன்னால் அளக்க வேண்டியவை

புதுக் கீபோர்டு தேடுபவர்கள் பெரும்பாலும் சுவிட்சிலிருந்து, அதாவது விசைக்கு அடியில் இருந்து அழுத்தத்தைப் பதிவுசெய்யும் சிறு பொறியிலிருந்து, தொடங்குகிறார்கள். சிவப்பா, பழுப்பா, நீலமா என்று விசாரிக்கிறார்கள். சத்தம் எப்படி இருக்கும் என்று வீடியோ போட்டுக் கேட்கிறார்கள். வாங்கி ஒரு மாதம் கழிந்தும் தோள்வலி அப்படியே இருக்கிறது. தோளை இழுத்து வைத்திருந்தது சுவிட்ச் இல்லையே, பலகையின் அகலம் அல்லவா? கீபோர்டு உங்கள் கையை எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிறுத்துகிறது என்பதுதான் முதல் கேள்வி. விசையை அழுத்தும்போது விரல் நுனிக்குக் கிடைக்கும் உணர்வு அதற்கு அடுத்தது. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் பணம் போகும், வலி போகாது.

ஆகவே எதையும் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் உங்கள் கையைக் கவனியுங்கள். நாள் முடிவில் எங்கே வலிக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். வலது தோளும் மேல்கையும் இறுகியிருந்தால் மவுஸ் எட்டாத தூரத்தில் இருக்கிறது. அகலம் குறைந்த பலகை வேண்டும். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் வலித்தால் கைகள் வெளிப்பக்கமாக வளைந்து நிற்கின்றன. இரண்டாகப் பிரிந்த பலகையைப் பற்றி யோசிக்கலாம். முன்கையின் மேல்புறம், முழங்கையை ஒட்டிக் கனத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருக்கிறது. உயரமோ சாய்வோ அதிகம். விரல் நுனி எரிந்தால் ஒவ்வொரு விசையையும் அடி வரை மோதி அடிக்கிறீர்கள். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகிறதா? முழங்கையை மேசை விளிம்பிலோ நாற்காலியின் கைப்பிடியிலோ ஊன்றி உட்காருகிறீர்களா என்று முதலில் பாருங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்து இரவில் தூக்கம் கலைகிறது என்றால் கீபோர்டைத் தேடிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். மணிக்கட்டுக்குள் செல்லும் நரம்பு நெரிபடுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். மருத்துவரிடம் போக வேண்டியது அது.

அகலம்

சாதாரண அளவுக் கீபோர்டுகளில் ஒரு விசையின் நடுவிலிருந்து பக்கத்து விசையின் நடு வரை 19.05 மி.மீ. இருக்கும், அதாவது முக்கால் அங்குலம். இதை ஓர் அலகாக வைத்துக்கொண்டால் எந்தப் பலகையையும் காகிதத்திலேயே அளந்துவிடலாம். இரண்டு கைகளுக்கும் நடுக்கோடு எது தெரியுமா? ஜி, எச் இரண்டும் சந்திக்கும் இடம். அதற்கு நேர் கீழே பி (B) விசையின் நடுப்பகுதி வரும். இடது ஓரத்திலிருந்து அது 6.75 அலகு, ஏறத்தாழ 12.9 செ.மீ.

104 விசைகள் உள்ள முழுப் பலகையில் விசைகள் மட்டுமே 22.5 அலகு, சுமார் 43 செ.மீ. அகலம். அந்தப் பலகையை மேசையின் நடுவில், மானிட்டருக்கு நேராக வைத்தால் பலகைதான் உங்களுக்கு நேராக இருக்கும். உங்கள் கைகள் எட்டரை செ.மீ. இடப்பக்கம் தள்ளிப்போயிருக்கும். நாள் முழுக்க உடம்பைச் சற்றே திருகிக்கொண்டு தட்டுகிறோம் என்பது பலருக்கு உறைப்பதே இல்லை. இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு: பி விசை உங்கள் தொப்புளுக்கு நேராக வரும்படி பலகையை வலப்பக்கம் நகர்த்துங்கள். ஆனால் அப்படி நகர்த்தினால் மவுஸ் இன்னும் தள்ளிப் போகும். முழுப் பலகையோடு இந்தச் சிக்கல் ஒட்டியே பிறந்தது.

நடுக்கோட்டிலிருந்து வலது ஓரம் வரை அளந்து பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். முழுப் பலகையில் 30 செ.மீ. நம்பர் பேட் இல்லாத 87 விசைப் பலகையில் 22 செ.மீ. அம்பு விசைகளை மட்டும் வைத்துக்கொண்டு சுருக்கிய 65 சதவீதப் பலகையில் பதினேழரை. அதையும் நீக்கிய 61 விசைப் பலகையில் 16 செ.மீ.க்கும் குறைவு. மவுஸ் இதற்கு அப்பால்தான் தொடங்கும். தோள்வலிக்காரருக்கு நம்பர் பேட் போன அந்த 8 செ.மீ. பெரிய விடுதலை. வேறு எந்த வசதியும் மாறாமல் இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே பலருக்குப் போதும்.

கணக்கு வேலை செய்பவர் நம்பர் பேட் இல்லாமல் என்ன செய்வார்? தனியாகக் கிடைக்கும் நம்பர் பேட் ஒன்றை வாங்கி இடப்பக்கம் வைத்துப் பழகலாம். அல்லது தேவைப்படும் நேரத்தில் மட்டும் வலப்பக்கம் இழுத்து வைத்து, வேலை முடிந்ததும் ஒதுக்கிவிடலாம். 61 விசைப் பலகைக்கு மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். அம்பு விசைகளும் டெலீட், ஹோம், எண்ட் எல்லாமும் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டியவை ஆகிவிடும். எழுதித் திருத்துபவர்களுக்கு அது நாளுக்கு நூற்றுக்கணக்கான கூடுதல் அழுத்தம். தோளுக்குக் கொடுத்த ஓய்வைச் சுண்டுவிரலிடம் வசூலிப்பதுபோல.

உயரமும் சாய்வும்

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேல்கையைத் தளரத் தொங்கவிட்டு, முழங்கையை மடியுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவு என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். கீபோர்டின் நடுவரிசை அந்த உயரத்திலோ அதைவிட ஓரிரு செ.மீ. தாழ்வாகவோ இருக்க வேண்டும். வழக்கமான மேசை 72 முதல் 75 செ.மீ. வரை உயரம் இருக்கும். அதன்மேல் வைக்கும் மெக்கானிக்கல் கீபோர்டின் (ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்ச் உள்ளது) நடுவரிசை இன்னொரு 3 செ.மீ. உயர்த்தும். முழங்கை 67 செ.மீ.யில் நிற்கிறது, மேசை 74, பலகை 3 என்று வையுங்கள்: கை 10 செ.மீ. மேலே ஏற வேண்டியிருக்கிறது. தோளைத் தூக்கித்தான் அதை ஈடுகட்டுவீர்கள். எவ்வளவு விலையுயர்ந்த கீபோர்டும் இந்த 10 செ.மீ.யைச் சரிசெய்யாது. நாற்காலியை உயர்த்திக் காலடியில் கால்மணை போடுங்கள். அல்லது மேசைக்கு அடியில் இழுத்துத் தள்ளும் தட்டு பொருத்துங்கள். தட்டு பொருத்தும் முன் தொடைக்கும் தட்டுக்கும் இடையே இடம் மிஞ்சுமா என்று பார்த்துக்கொள்வது முக்கியம்.

மேசை கொஞ்சமே உயரம் என்றால் தட்டையான பலகை உதவும். மடிக்கணினியில் இருப்பதுபோன்ற கத்தரி வகை விசைகள் கொண்டவை ஏறத்தாழ பாதி உயரம்தான். உயரம் குறைந்த மெக்கானிக்கல் பலகைகளும் உண்டு. அவற்றின் சுவிட்ச் வேறு வடிவம், விசைத்தொப்பிகளும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. உடைந்தால் மாற்றுவது சிரமம் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பின்பக்கத்தில் மடித்து நிமிர்த்தும் இரண்டு சிறு கால்கள் இருக்குமே, அவற்றை நிமிர்த்தாமல் விட்டுவிடுங்கள். விசையின் எழுத்தைக் கண்ணால் பார்த்துத் தட்டுபவருக்கு அவை உதவும், மணிக்கட்டுக்கோ கேடு. பின்பக்கம் உயர்ந்தால் விரலைத் தூக்க மணிக்கட்டைப் பின்னால் மடிக்க வேண்டும், முன்கையின் மேல்தசை நாள் முழுக்க இறுகியே இருக்கும். மேசை உயரமாக இருந்து மாற்ற வழியில்லாதபோது நேரெதிராகச் செய்து பார்க்கலாம்: முன்விளிம்புக்கு அடியில் ஒன்று, ஒன்றரை செ.மீ. உயரமுள்ள ரப்பர் துண்டுகளை ஒட்டி, பலகை உங்களிடமிருந்து அப்பால் சரியும்படி வையுங்கள். பார்க்க விநோதமாக இருக்கும். மணிக்கட்டு நேராகிவிடும்.

உள்ளங்கைத் தாங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை மணிக்கட்டுத் தாங்கி என்று சொல்லி விற்பதால் எல்லாரும் மணிக்கட்டை அதன்மேல் அழுத்தி வைக்கிறார்கள். நரம்பும் நாண்களும் நெருக்கமாகப் போகும் இடத்தை அழுத்துவது எதற்கு? படிய வேண்டியது உள்ளங்கையின் அடிச்சதை, அதுவும் தட்டாமல் இருக்கும் இடைவேளையில் மட்டும். தட்டும்போது கை மிதக்கட்டும். தாங்கியின் உயரம் பலகையின் முன்விளிம்புக்குச் சமமாக இருக்க வேண்டும். கை புதைந்துபோகும் மெத்தென்ற ஜெல்லைவிடச் சற்றுக் கெட்டியானதே மேல்.

பிரிந்த பலகை யாருக்கு

இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் ஒன்றுசேர்த்தால் முன்கைகள் உள்நோக்கிச் சாய்கின்றன. விரல்களோ நேராக நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியை மணிக்கட்டு வளைந்து ஈடுகட்டுகிறது. தோள் அகலமானவர்களுக்கு இந்த வளைவு இன்னும் அதிகம். 1994-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த நேச்சுரல் கீபோர்டு ஒரே பலகைக்குள் விசைகளை இரண்டு கூறாக்கிச் சாய்த்து வைத்தது. அந்த வடிவத்தின் வழித்தோன்றல்கள் இன்றும் கிடைக்கின்றன. பழகுவதற்கு எளிது, சில நாளில் கை பிடித்துக்கொள்ளும். முழுக்க இரண்டு துண்டாகப் பிரிந்தவற்றைத் தோளகலத்துக்கு விலக்கி வைக்கலாம், நடுப்பக்கத்தை உயர்த்திக் கூடாரம்போலச் சாய்க்கலாம். 5 பாகையில் தொடங்கி வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உயர்த்துங்கள். எடுத்த எடுப்பிலேயே 30 பாகை வைத்தால் புது இடத்தில் வலி தொடங்கும்.

இந்த வகைக்குப் பெரிய தொகை செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். வீட்டில் கிடக்கும் பழைய சாதாரண கீபோர்டு ஒன்றை இரண்டாவதாகக் கணினியில் செருகுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடக்கையை ஒன்றிலும் வலக்கையை மற்றதிலும் வைத்துத் தட்டிப் பாருங்கள். விண்டோஸில் ஒன்றின் ஷிஃப்ட் மற்றதன் எழுத்துக்கும் செல்லும். மேக்கில் அப்படிச் செல்லாது. கரபைனர் போன்ற நிரல் ஒன்று வேண்டும். ஒரு வாரம் இப்படி ஓட்டினாலே பிரிந்த பலகை உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். உங்கள் விரல் பழக்கமும் அம்பலமாகும்: பி விசையை வலக்கையாலோ ஒய் விசையை இடக்கையாலோ தட்டுபவர்கள் உண்மையான பிரிந்த பலகையில் வெற்று மேசையைத்தான் தட்டுவார்கள்.

வரிசைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்பது தட்டச்சு இயந்திரக் காலத்து மிச்சம்; அடியிலிருந்த நெம்புகோல்கள் ஒன்றையொன்று இடிக்காமலிருக்க அப்படி அமைத்தார்கள். இப்போது நெம்புகோல் இல்லை. விரலின் நீளத்துக்கேற்ப விசைகளை நேர்ப்பத்தியாக அடுக்கிய பலகைகள் வந்திருக்கின்றன, விரல் பக்கவாட்டில் ஓடுவது குறையும். ஆனால் பழைய வேகம் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கெடு நெருங்கும் வேலையின் நடுவே மாற வேண்டாம். மணிக்கட்டில் பிரச்சினை இல்லாதவருக்கு இது அவசியமும் இல்லை என்பதே என் கருத்து.

இனி சுவிட்ச்

மெம்ப்ரேன் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ரப்பர் குமிழ். குமிழ் நசுங்கி அடித்தட்டைத் தொட்டால்தான் எழுத்து விழும். அதனால் ஒவ்வொரு தட்டும் மோதலில் முடிகிறது. வருடம் செல்லச் செல்ல ரப்பர் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக இறுகும். அதிகம் பயன்படும் விசைகள் சொதசொதவென்றும் ஓரத்து விசைகள் கெட்டியாகவும் ஆகும். பழைய கீபோர்டில் விரல் சோர்வதற்கு இந்தச் சீரின்மை முக்கியக் காரணம். அதே வகையில் புதிது ஒன்று மாற்றினாலே தீர்ந்துவிடக்கூடிய வலி இது. எல்லாரும் மெக்கானிக்கலுக்குத் தாவ வேண்டும் என்பதில்லை.

மெக்கானிக்கல் சுவிட்சில் எழுத்து பாதி வழியிலேயே விழுந்துவிடும். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வகையில் மொத்த இறக்கம் 4 மி.மீ., எழுத்து விழுவது 2 மி.மீ.யில். மீதி இரண்டு மி.மீ. உங்கள் விரல் மெல்ல நிற்பதற்கான இடம். மோதாமல் தட்டப் பழகினால்தான் இந்த வசதி உங்களுடையது; பழைய வேகத்திலேயே குத்தினால் சுவிட்சின் கெட்டியான அடிப்பாகத்தில் மோதி, ரப்பரைவிட அதிகம் வலிக்கும்.

அழுத்த எடையைச் சென்டிநியூட்டனில் சொல்வார்கள். ஏறத்தாழ ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். செர்ரியின் சிவப்பு 45, பழுப்பு 55, கறுப்பு 60. எண்ணில் சின்ன வித்தியாசம்தான். நிமிடத்துக்கு 200 தட்டு என்றால் மணிக்கு 12,000 தட்டு ஆகிறது. மாலையில் வித்தியாசம் தெரியும். அதற்காக மிக லேசானதே சிறந்தது என்றும் எண்ணாதீர்கள். விரலை விசைமேல் படியவைத்து யோசிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு 35 கிராம் சுவிட்ச் தானாக எழுத்தைத் தட்டிவிடும். அதைத் தவிர்க்க விரல்களைத் தூக்கியே வைத்திருப்பார்கள். முன்கை முன்னைவிட மோசமாகச் சோரும். 1.2 மி.மீ.யிலேயே எழுத்து விழும் வேக சுவிட்சுகளுக்கும் இதே குறை.

பழுப்பு வகையில் எழுத்து விழும் இடத்தில் சின்ன மேடு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். மோதுவதை நிறுத்தப் பழகுகிறவர்களுக்கு அது நல்ல வழிகாட்டி. சிவப்பில் மேடு கிடையாது, வழுக்கிக்கொண்டு இறங்கும். நீலம் கிளிக் சத்தம் போடும். பக்கத்தில் யாராவது தூங்குகிறார்கள், அல்லது அழைப்பில் பேசிக்கொண்டே தட்ட வேண்டும் என்றால் வேண்டாம். அமைதி வகைகளில் உள்ளே சிறு ரப்பர் தடுப்பு இருக்கும், மோதலும் மென்மையாகும். விரல் நுனி வலிப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

சுவிட்சைத் தனியாக அழுத்திப் பார்க்கும் மாதிரிப் பலகைகள் ஏமாற்றக்கூடியவை. சுட்டுவிரலால் ஒரே ஒரு சுவிட்சை அழுத்தினால் எல்லாமே இதமாகத்தான் இருக்கும். சுண்டுவிரலாலும் மோதிரவிரலாலும் இருபது முறை தொடர்ந்து அழுத்துங்கள். பலவீனமான விரல் சொல்வதே தீர்ப்பு. எந்த எடை வேண்டும் என்று முடிவெடுக்க முடியாவிட்டால், சாலிடர் செய்யாமல் சுவிட்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய பலகையாக வாங்குங்கள். பிறகு எல்லா விசைக்கும் 55 வைத்துவிட்டு சுண்டுவிரல் விசைகளுக்கு மட்டும் 45 போடலாம். மாற்றும்போது இரண்டு செப்பு ஊசிகளும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துச் செங்குத்தாக அழுத்துங்கள். ஊசி மடங்கினால் அந்த எழுத்து விழாது. பலர் பலகையே கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். ஐந்து கால் சுவிட்ச் மூன்று கால் பலகையில் இறங்காது. கூடுதலான இரண்டு பிளாஸ்டிக் கால்களை வெட்டிவிட்டால் இறங்கும்.

விசைத்தொப்பியில் இரண்டு விஷயம் போதும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் சில மாதங்களில் பளபளத்து வழுக்கும். பிபிடி சொரசொரப்பை நீண்ட நாள் தக்கவைக்கும். எஸ்ஏ என்ற வடிவம் போன்ற உயரமான தொப்பிகள் அழகு, ஆனால் நீங்கள் மேசையோடு போராடி மிச்சம் பிடித்த உயரத்தை அவை தின்றுவிடும். எஃப், ஜே விசைகளின் மேடுகள் விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படுகின்றனவா என்பதையும் பாருங்கள்.

தமிழ் தட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருவதால் கைகள் மாறிமாறி உழைக்கும், அது நல்லது. ஆனால் ந, ய, ச, ஞ, ழ ஆகியவை ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகள் இருக்கும் விசைகளில் உள்ளன. ண-வையும் சேர்த்து எல்லாம் வலது சுண்டுவிரலின் பாடு. ஆங்கிலம் மட்டும் தட்டுபவரைவிட உங்கள் வலது சுண்டுவிரல் பல மடங்கு உழைக்கிறது. அந்தப் பக்க விசைகள் லேசாக இருக்கட்டும். நாற்பது சதவீதப் பலகைகளில் அந்த விசைகள் சில இருக்கவே இருக்காது, அவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுபவர்கள் ண, ள, ற என்று அடிக்கடி ஷிஃப்ட் அழுத்துவார்கள். அவர்களுக்கு வலது ஷிஃப்ட் முழு அளவில் இருக்க வேண்டும். சிறு பலகைகளில் அதைச் சுருக்கி மேல் அம்பைப் பக்கத்தில் திணித்திருப்பார்கள். எழுத்துக்குப் பதில் வரி தாவும்.

விசைகளை மாற்றியமைக்கும் வசதி பலகையின் நினைவிலேயே சேமிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். விசைகளை மாற்றியமைக்க உதவும் க்யூஎம்கே, வயா மென்பொருள்களின் ஆதரவு இருந்தால் சேமிக்கலாம், எந்தக் கணினியில் செருகினாலும் அதுவே தொடரும். தனி மென்பொருள் நிறுவினால்தான் நடக்கும் என்றால் அலுவலகக் கணினியில் பயன்படாமல் போகலாம். கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோல் ஆக மாற்றுவது ஒன்றே இடது சுண்டுவிரலை ஓரத்துக்கு மடிக்கும் வேலையிலிருந்து மீட்கும்.

கம்பி இல்லாதவற்றில் இதத்துக்குக் கேடு செய்வது தாமதம்தான். புளூடூத் பலகை உறங்கி எழும்போது முதல் எழுத்துகளை விழுங்கும், நீங்கள் அறியாமலே ஓங்கித் தட்டத் தொடங்குவீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளில் (கணினியில் செருகும் சிறு ஏற்பி) எழுத்து விட்டுவிட்டு வந்தால் பக்கத்தில் யூஎஸ்பி 3 சாதனம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் இரைச்சல் அதே அலைவரிசையில் விழும். சிறு நீட்டிப்புக் கம்பியால் டாங்கிளைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

நேரில் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால் நின்றுகொண்டு தட்டாதீர்கள். உட்கார்ந்து கால்மணி நேரமாவது உங்கள் வழக்கமான எழுத்தைத் தட்டுங்கள். ஸ்பேஸ் பாரை நடுவிலும் இரு ஓரங்களிலும் அழுத்துங்கள். கடகடவென ஆடினாலோ ஓரத்தில் சிக்கினாலோ உள்ளிருக்கும் சமன்கம்பி சரியில்லை. ஒரு விரலால் பலகையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், வழுக்கினால் நாள் முழுக்க இழுத்து இழுத்து வைக்க வேண்டியிருக்கும்.

வாங்கியபின் முதல் மூன்று நாள் பிழை அதிகமாகும், வேகம் குறையும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். முதல் வாரம் தினம் இரண்டு மணி நேரம் புதியது, மீதிக்குப் பழையது என்று வையுங்கள். பழகாத தசையில் இரண்டாம், மூன்றாம் நாள் வரும் லேசான அசதி தானே தணியும். ஆனால் முன்பு இல்லாத இடத்தில் கூர்மையான வலி, மரத்துப்போதல், ஐந்தாம் நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போகும் இறுக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் உயரத்தையும் சாய்வையும் ஒருமுறை மீண்டும் அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே எழுத்து இரண்டு முறை விழுவது பழக்கத்தால் சரியாகும் விஷயமல்ல, சுவிட்சின் தொடுமுனைக் குறை. அதையும் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள்ளேயே கண்டுபிடித்துவிட வேண்டும். முதல் நாளிலேயே எல்லா விசையையும் வரிசையாகப் பத்து முறை தட்டிப் பாருங்கள். அந்தக் கெடு முடியும் வரை பெட்டியையும் உள்ளிருந்த உறையையும் எறிந்துவிடாதீர்கள்.